பிரசவ லீவோடு எல்லா லீவும் முடிந்துவிடுமா? ஹட்டன் பக்க வாசகிக்கு ஒரு பதில்

ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நடுவில் உள்ள தோட்டமொன்றிலிருந்து வாசகி ஒருவர் ஆறு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 34. ஹட்டன் டவுனில் ஹாட்வெயார் கடையொன்றில் பில் எழுதும் வேலை. 2021 மே 3ஆம் திகதி சேர்ந்தவர், இப்போது சம்பளம் 32,000 ரூபாய். கணவருக்குக் கொழும்பில் வேலை, மாதத்தில் ஒரு தடவை வருவார். லயத்து வீட்டில் மாமியும் மூன்று பிள்ளைகளும் இவரும்.

வங்கியில் கொடுத்த சின்ன டயரியொன்றில் 2025ஐ நாள் தவறாமல் குறித்து வைத்திருக்கிறார். சில பக்கங்களின் படப்பிரதியும் கடிதத்தோடு வந்திருக்கிறது. மார்ச் 3 பிரசவ லீவு. மார்ச் 17 மூன்றாவது பிள்ளை. மே 26 திரும்பவும் வேலை. ஜூன் கடைசியில் மாமி தோட்டத்தில் பென்ஷன் வயதாகி நின்றது. ஆகஸ்டில் மூத்தவளின் புலமைப்பரிசில் பரீட்சை. தீபாவளியன்று கடையில். நவம்பர் கடைசியில் டித்வா புயலில் பாதை மூடி நான்கு நாள் போக முடியவில்லை, அந்த நான்கு நாள் சம்பளமும் வெட்டு. டிசம்பரில் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) பற்றிக் கேட்டபோது, “நீதானே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாய்” என்று முதலாளி பழைய கடிதத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். வருடாந்த லீவு கேட்டதற்கு, “மூன்று மாதம் பிள்ளை லீவு எடுத்தாயே, அதோடு எல்லா லீவும் முடிந்தது” என்ற பதில்.

“வருசம் முழுக்க ஓடினேன். 31ஆம் திகதி இரவு டயரியைக் கூட்டிப் பார்த்தேன், கையில் ஒன்றும் நிற்கவில்லை. ராஜினாமா எழுதி வைத்திருக்கிறேன். கொடுக்கவா?” என்று கேட்கிறார்.

சகோதரி, அந்தக் கடிதத்தை இப்போது கொடுக்காதீர்கள். கையில் ஒன்றும் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய பக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் வரவேண்டியது நிறையவே நிற்கிறது. சிலதைக் கட்டாயம் வாங்கலாம், சிலதைப் பேசித்தான் வாங்க வேண்டும். ஒன்றிரண்டில் உங்கள் கணக்கும் பிழை.

84 நாளை எப்படி எண்ணுவது

மூன்றாவது பிள்ளை என்பதால் முதலாளி முதலில் 42 நாள்தான் என்றாராம். பிறகு பெரிய மனசு பண்ணி 84 தந்தார் என்று நன்றியோடு எழுதியிருக்கிறீர்கள். மனசுக்கு இதில் இடமில்லை. மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாள் என்பது பழைய விதி. 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள்.

அந்த 84ஐ அவர் எண்ணிய விதமும் பிழை. தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு வேறு சட்டம். அங்கே பிரசவ லீவு 12 கிழமை, பிள்ளை பிறக்க முன் 2, பிறந்த பின் 10. அது நாட்காட்டிப்படி ஓடும். லயத்தில் அக்கம்பக்கத்தார் அப்படித்தான் எண்ணியிருப்பார்கள், நீங்களும் அதையே நம்பிவிட்டீர்கள். கடையில் வேலை செய்பவருக்கு உள்ளது கடை, காரியாலய ஊழியர் சட்டம். அதில் வார விடுமுறையும் போயாவும் (பௌர்ணமி விடுமுறை) சட்ட விடுமுறை நாட்களும் 84க்குள் சேராது.

உங்கள் டயரியையே எடுத்துக்கொள்வோம். மார்ச் 3 முதல் மே 25 வரை நாட்காட்டியில் சரியாக 84 நாள். அதற்குள் 12 ஞாயிறு. மார்ச் 13, ஏப்ரல் 12, மே 12 மூன்று போயா. ஏப்ரல் 14 புத்தாண்டு, மே 1, வெசாக்குக்கு மறுநாள் மே 13 என்று சட்ட விடுமுறை மூன்று (ஏப்ரல் 13 ஞாயிறிலேயே வந்ததால் இரு தடவை எண்ணவில்லை). மொத்தம் 18 நாள். நீங்கள் கடைக்குத் திரும்பியிருக்க வேண்டிய திகதி மே 26 இல்லை, ஜூன் 17. கிழமைக்கு ஒன்றரை நாள் விடுமுறை என்பது சட்டம். அந்தச் சனிக்கிழமை அரைநாட்களையும் கழித்தால் திகதி இன்னும் தள்ளிப்போகும்.

அந்த 18 நாளும் வேலை செய்து சம்பளமும் வாங்கிவிட்டீர்கள். அதை இப்போது பணமாகக் கறப்பது கடினம் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் மற்ற விடயங்களைப் பேச உட்காரும்போது இந்தக் கணக்குத் தாள் உங்கள் கையில் இருக்கட்டும். பேரத்தில் அதற்குக் கனம் உண்டு.

இன்னும் கைவிட்டுப் போகாத உரிமை ஒன்று இருக்கிறது. பெயின்ட் டின் அடுக்குக்குப் பின்னால் நின்று, நனைந்த துணியை மாற்றிக்கொண்டு திரும்பவும் பில் எழுத வருவதாக எழுதியிருந்தீர்கள். பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை, அதாவது 2026 மார்ச் 17 வரை, நாளுக்கு இரண்டு தடவை பால் கொடுக்கும் இடைவேளை உங்களுக்கு உண்டு. வேலையிடத்தில் பிள்ளை பராமரிப்பு இடம் இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். சாப்பாட்டு நேரம் இதில் சேராது, சம்பளமும் வெட்ட முடியாது. பிள்ளை தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் (பிள்ளை பராமரிப்பு இடம்), நீங்கள் நாற்பது நிமிட பஸ் தூரத்தில். பகலில் போய்வர வழியில்லை. ஆகவே இரண்டு மணித்தியாலத்தையும் சேர்த்து மாலையில் முன்கூட்டியே போக அனுமதி கேளுங்கள். சேர்த்துத்தான் தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் பில் மேசையில் பகலில் இரண்டு தடவை ஆள் இல்லாமல் போவதைவிட முதலாளிக்கும் இது வசதி. வாயால் ஒத்துக்கொண்டால் அன்றே ஒரு வட்ஸ்அப் செய்தி போட்டுவிடுங்கள்: “நீங்கள் சொன்னபடி நாளை முதல் 4 மணிக்குப் போகிறேன்.”

வருடாந்த லீவு, புயல் நாள், தீபாவளி

பிரசவ லீவு வேறு, வருடாந்த லீவு வேறு. ஒன்று மற்றதைத் தின்னாது. வருடாந்த லீவு 14 நாள், அதில் 7 நாளைத் தொடர்ச்சியாகத் தர வேண்டும். 2025இல் செய்த வேலைக்கான லீவை 2026இல் எடுக்கலாம்.

கெசுவல் என்று நாம் சொல்லும் அமய லீவு வருடத்துக்கு 7 நாள். சுகவீனம், சொந்த அலுவல், நியாயமான வேறு காரணம் எல்லாம் அதில் அடங்கும். நீங்கள் 3 நாள்தான் எடுத்திருக்கிறீர்கள், அதில் ஒன்று புலமைப்பரிசில் நாளுக்கு அடுத்த திங்கள். மீதி 4. புயலில் பாதை மூடிய நாளும் 4. கடை திறந்திருந்து உங்களால் வர முடியாமல் போனதென்றால் அந்த நான்கையும் அமய லீவில் போடச் சொல்லி, வெட்டிய சம்பளத்தைத் திரும்பக் கேளுங்கள். கடையையே அவர் மூடியிருந்தாரென்றால் உங்கள் லீவில் கை வைக்கவே காரணமில்லை. எந்த நாள் திறந்திருந்தது, எந்த நாள் மூடியிருந்தது என்று கூட வேலை செய்பவர்களிடம் கேட்டு இப்போதே டயரியில் எழுதிவிடுங்கள். ஒரு மாதம் போனால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

போயா நாளில் வேலை வாங்கினால் ஒரு நாள் சம்பளத்தின் ஒன்றரை மடங்கு. ஜூன் 10, ஜூலை 10, ஆகஸ்ட் 8, நவம்பர் 5 என்று நான்கு போயா உங்கள் டயரியில் இருக்கிறது.

தீபாவளிக்கு இரட்டைச் சம்பளம் வரவேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். வராது. கடைச் சட்டத்தில் சம்பளத்தோடு கூடிய சட்ட விடுமுறை எட்டு: தைப்பொங்கல், தேசிய தினம், புத்தாண்டுக்கு முந்திய நாள், புத்தாண்டு, மே தினம், வெசாக்குக்கு மறுநாள், நபிகள் பிறந்த தினம், நத்தார். அரசாங்கக் காரியாலயத்துக்கும் வங்கிக்கும் தீபாவளி விடுமுறை, கடை ஊழியருக்கு இந்த எட்டில் அது இல்லை. கடை நிறையத் தமிழர் வேலை செய்யும் ஹட்டனில் இது கசப்பாகத்தான் இருக்கும். இந்த வருடத் தீபாவளிக்கு ஓர் அமய லீவை இப்போதே ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

“ஈ.பி.எப். வேண்டாம்” என்ற கடிதம்

சேரும்போது கையெழுத்து வைத்த கடிதத்தை நினைத்துப் பயப்படாதீர்கள். ஈ.பி.எப். வேண்டாம் என்று ஊழியர் எழுதிக் கொடுத்தாலும் அது சட்டத்தில் செல்லாது. “ஐந்து வருடம் முடிந்தால்தான் பதிவு”, “நாள் சம்பளக்காரருக்கு இல்லை”, “டிரெயினிங் காலத்துக்கு இல்லை” என்று ஊரில் சொல்லும் எதுவும் சரியில்லை. ஒரே ஓர் ஆள் வேலை செய்தாலும் முதல் நாளிலிருந்து கட்ட வேண்டும். ஊழியர் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம். இதற்கு மேல் ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், அது முழுவதும் முதலாளி பொறுப்பு.

உங்கள் 32,000க்கு மாதம் 6,400 ரூபாய் ஈ.பி.எப்., 960 ரூபாய் ஈ.டி.எப். ஒரு வருடத்துக்கு 76,800, 11,520. பிரசவ லீவு மாதங்களுக்கும் சம்பளம் உண்டென்பதால் அவற்றுக்கும் கட்ட வேண்டும். “சரி, பழைய 8 வீதத்தை உன் சம்பளத்தில் வெட்டிக் கட்டுகிறேன்” என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தந்த மாதச் சம்பளத்தில் கழிக்காமல் விட்ட பங்கைப் பிறகு உங்களிடம் எடுக்க முடியாது, முழு 20 வீதமும் அவர் தலையில்தான். பிந்தியதற்கு 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணமும் சேரும். பெரும்பாலான முதலாளிமாரைப் பேச்சுக்குக் கொண்டுவருவது அந்த மேலதிகக் கட்டணம்தான்.

முறைப்பாடு ஹட்டன் தொழில் காரியாலயத்தில். பணம் கட்டத் தேவையில்லை, சட்டத்தரணி தேவையில்லை, தொழிற்சங்கச் சந்தாவும் தேவையில்லை. பெயரை வெளியில் விடாதீர்கள் என்று கேட்கலாம். ஆனால் ஏழு பேர் வேலை செய்யும் கடையில், போன மாதம் ஈ.பி.எப். கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். முதலாளி ஊகித்துவிடுவார், அதற்குத் தயாராக இருங்கள். கூட வேலை செய்யும் இருவராவது சேர்ந்து வந்தால் நல்லது. சாமான் கட்டும் தம்பிக்கு மாதம் 24,000தான் என்று எழுதியிருந்தீர்கள். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 30,000. அவருக்கும் கேட்க விடயம் இருக்கிறது.

நியமனக் கடிதம் இல்லாததை நினைத்துத் தயங்க வேண்டாம், அதைத் தராதது அவருடைய குற்றம். உங்கள் கையெழுத்தில் உள்ள பில் புத்தகப் பக்கம் இரண்டு மூன்றின் படம், சம்பளம் வைத்துத் தந்த கவர்கள், “நாளை சீக்கிரம் வா” என்பது போன்ற செய்திகள், பஸ் சீசன், டயரி. இவ்வளவும் போதுமான தொடக்கம். டயரியில் பழைய பக்கங்களைத் திருத்தவோ அழகாகத் திரும்ப எழுதவோ வேண்டாம். பால் கறையும் மைக் கறையுமாக இருக்கும் டயரியைத்தான் விசாரணை அதிகாரி நம்புவார்.

மாமியின் பணம்

கடிதத்தில் இதை நான்கே வரியில் முடித்திருக்கிறீர்கள். தொகையில் பெரியது இதுதான்.

மாமி 1988 பெப்ரவரியில் பெயர் பதிந்து 2025 ஜூன் 30இல் நின்றிருக்கிறார். முழுமையான 37 வருடம். நாள் சம்பளக்காரருக்குப் பணிக்கொடை, வருடமொன்றுக்குக் கடைசிச் சம்பளத்தில் 14 நாள். 2024 செப்டெம்பரிலிருந்து அவர் நிற்கும் வரை நாள் சம்பளம் 1,350. 14 நாளுக்கு 18,900, அதை 37ஆல் பெருக்கினால் 6,99,300 ரூபாய். தோட்ட ஆபீசில் சொன்ன தொகை இதைவிட நன்றாகவே குறைவு. 1992இல் தோட்டம் கம்பனிக்குக் கைமாறியதிலிருந்து மட்டும் எண்ணியிருக்கிறார்களா என்று பாருங்கள். கைமாறியதால் அதற்கு முந்திய சேவை அறுந்துபோகாது. சேவைக்கால விபரத்தை வருடவாரியாக எழுத்தில் கேளுங்கள். செக்ரோலில் (தோட்டத்து வேலைநாள் பதிவேடு) பெயர் குறைவாக விழுந்த வருடங்களைக் கழித்திருந்தால் அதுவும் அப்போது தெரிந்துவிடும்.

பணிக்கொடையை வேலை முடிந்து 30 நாளுக்குள் தர வேண்டும். ஜூலை 30 போய் ஐந்து மாதம். தாமதத்துக்கு ஏற்ப 10 முதல் 30 வீதம் மேலதிகமாகச் சேரும். “நான்கு தவணையில் தருகிறோம், இப்போதே முழுவதும் கிடைத்ததாகக் கையெழுத்து வை” என்பதற்கு மாமி சம்மதிக்கக் கூடாது. தவணையை வாங்கலாம், தவறில்லை. ஆனால் பற்றுச்சீட்டில் “பணிக்கொடையில் ஒரு பகுதியாக இத்தனை ரூபாய்” என்று தமிழில் எழுதிய பிறகு கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வைக்கட்டும். முற்பணப் பாக்கி என்று கழித்தால் அந்தக் கணக்கையும் தாளில் வாங்குங்கள்.

ஈ.பி.எப். தடைப்பட்டது பெயரால். ஈ.பி.எப். அங்கத்துவ அட்டையான பி காட்டில் லெச்சுமி, அடையாள அட்டையில் லட்சுமி, செக்ரோலில் லெட்சுமி (பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன்). ஆங்கிலத்தில் போனால் இன்னும் இரண்டு வகை. மலையகத்தில் இது வீட்டுக்கு வீடு இருக்கிற வில்லங்கம், பேர் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதியதன் விளைவு. அடையாள அட்டையைத் திருத்த ஓடாதீர்கள். வங்கிப் புத்தகம் அந்தப் பெயரில் இருக்கிறது, பணம் வந்து விழப்போவது அந்தக் கணக்கில். மற்றவற்றை அட்டைக்குக் கொண்டுவருவதே சுலபம். மூன்று பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி, தோட்ட நிர்வாகத்திடம் செக்ரோல் இலக்கத்தோடு ஒரு கடிதம், கிராம சேவகரிடம் ஓர் உறுதிக் கடிதம். இம்மூன்றையும் ஈ.பி.எப். பணத்தை எடுக்கும் விண்ணப்பமான கே படிவத்தோடு சேர்த்துத் தொழில் காரியாலயத்தில் கொடுங்கள்.

இன்னொன்றையும் அங்கே கேளுங்கள். 1992க்கு முன் ஒரு அங்கத்துவ இலக்கம், பின் வேறொன்று இருந்ததா? இருந்தால் இரண்டையும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மற்றது கிடப்பது தெரியாமலே இருப்பவர்கள் உண்டு. ஈ.டி.எப். தனி நிதியம், அதற்குத் தனி விண்ணப்பம்.

இரண்டில் முதலில் எதற்கு அலைவது என்றால் பணிக்கொடைக்கு. ஈ.பி.எப். இருப்புக்கு வட்டி சேர்ந்துகொண்டிருக்கும், பணிக்கொடை ஒருவர் மேசையில் சும்மா கிடக்கிறது.

ராஜினாமா

ராஜினாமா செய்தால் பணிக்கொடை கிடைக்காது என்று நினைத்திருக்கிறீர்கள். ஐந்து வருடம் முடிந்தால் தானாக விலகினாலும் கிடைக்கும். உங்களுக்கு ஐந்து வருடம் முடிவது 2026 மே மாதம். மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம்: 16,000ஐ ஐந்தால் பெருக்க 80,000. அதற்கு முன் விலகினால் பூச்சியம்.

கடையில் ஏழு பேர்தானே, 15 பேர் இருந்தால்தானே பணிக்கொடை என்றும் கேட்டிருந்தீர்கள். எண்ணுவது கடையை வைத்து இல்லை, முதலாளியை வைத்து. முதலாளியின் மற்றக் கடையான கொட்டகலைக் கடையில் பத்துப் பேர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே பெயரில் பதிந்திருந்தால் 17. வேறு ஆளின் பெயரில் பதிந்திருந்தால் தகராறு வரும், இரண்டு கடையின் பில் தலைப்பையும் படம் எடுத்து வையுங்கள். 15க்குக் குறைவு என்றே முடிந்தாலும் தொழில் நியாய மன்றில் பணிக்கொடை கேட்க வழி இருக்கிறது, அது நீண்ட பாதை.

முறைப்பாடு கொடுத்ததற்காக “நாளைக்கு வராதே” என்று வாயால் சொன்னால் வீட்டில் இருந்துவிடாதீர்கள். நீங்களே வேலையை விட்டுப் போனதாகப் பிறகு சொல்வார்கள். மறுநாள் வழமையான நேரத்துக்குப் போங்கள். உள்ளே விடாவிட்டால் அன்றே, “இன்று வேலைக்கு வந்தேன், அனுமதிக்கவில்லை, வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்” என்று பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். வேலை நீக்கத்துக்கு எதிராகத் தொழில் நியாய மன்றுக்குப் போக ஆறு மாதம்தான் கால எல்லை, பேசித் தீர்ப்போம் என்ற இழுவையில் அது ஓடிவிடக் கூடாது. 15 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடமென்றால், ஒழுக்காற்றுக் காரணமின்றி உங்களை நிறுத்த உங்கள் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். சட்டத்தரணிக்கு வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

முதலில் செய்ய வேண்டியது முறைப்பாடு இல்லை, பேச்சு. முதலாளி கணவருக்குப் பெரியப்பா முறை என்கிறீர்கள், அந்த உறவை மேசையில் வைத்தே பேசலாம். பால் இடைவேளையை இந்தக் கிழமையே கேளுங்கள், அது மார்ச்சில் முடிந்துவிடும். சம்பள நாளன்று புயல் நாள் நான்கையும் போயா நான்கையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். ஈ.பி.எப். பதிவுக்கு ஒரு மாதம் தவணை சொல்லுங்கள். அதற்குள் கணவர் வரும் கிழமையில் ஒரு நாளை மாமியின் சத்தியக்கடதாசிக்கு ஒதுக்குங்கள், தோட்ட ஆபீசுக்கு மாமியோடு அவரே போகட்டும். எல்லா வரிசையிலும் நீங்களே நிற்க வேண்டியதில்லை. மாதம் முடிந்தும் கடையில் அசைவில்லை என்றால் தொழில் காரியாலயத்துக்குப் போங்கள். கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் பிரதி எடுத்து, வாங்கியவரின் கையெழுத்தும் திகதியும் அந்தப் பிரதியில் விழுந்த பிறகு வெளியே வாருங்கள்.